உறுதியாகாத டிக்கெட்டும் என் உள்ளங்கை அரிப்பும்

முதலில் உள்ளங்கால்தான் அரித்தது. போன வருஷம் ஏப்ரல் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். சோறு வடித்துவிட்டு உட்கார்ந்தேன். வலது காலின் நடுவில் சுருக்கென்றது. எறும்பு என்று நினைத்துத் தட்டிவிட்டேன். எறும்பு இல்லை. சாயங்காலத்துக்குள் இரண்டு காலும் அரித்தது, மறுநாள் இரண்டு கையும். பத்து நாள் போன பிறகு என் உடம்பில் அரிக்காத இடம் என்றால் பல்லும் நகமும்தான்.

அரிப்புக்கெல்லாம் ஆண்டவருக்கு ஒரு சாட்சியா என்று உங்களில் சிலர் சிரிக்கலாம். நானும் சிரித்திருப்பேன். ஆனால் அப்போது என் வயிற்றில் ஏழு மாதப் பிள்ளை இருந்தது. கல்யாணமாகி ஆறு வருஷம் காத்திருந்து, கண்ணீர் விட்டுக் கேட்டு வாங்கிய பிள்ளை.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். என் பெயர் ஷீபா. வீடு தாராவியில், கீழே ஓர் அறை, ஏணியில் ஏறினால் மேலே ஓர் அறை. என் வீட்டுக்காரர் ஜெபசிங் பை தைக்கிற பட்டறையில் கட்டிங் மாஸ்டர். கூட என் மாமியார் இருக்கிறார்கள். நான் செம்பூரில் ஒரு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன், ஐந்தாம் மாதத்தோடு நின்றுவிட்டேன். நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. கரண்ட் போனால் எங்கள் சந்தில் முதல் கூச்சல் என்னுடையதுதான்.

அரிப்புக்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். "சோப்புப் பவுடர மாத்துனது நீதான, அனுபவி" என்று மாமியார் பழைய பவுடரையே வாங்கிவந்து எல்லாத் துணியையும் மறுபடி துவைத்தார்கள். எதிர்வீட்டு அக்கா, வளைகாப்புக்குப் போட்ட கண்ணாடி வளையல் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். கருவாட்டை நிறுத்தினேன். கத்தரிக்காயை நிறுத்தினேன். வேப்பிலை போட்ட தண்ணீரில் குளித்தேன். மெடிக்கலில் கொடுத்த ரோஸ் நிற லோஷனைப் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் கடைசியில் வேர்க்குரு என்று முடிவு செய்தார்கள். மும்பை மே மாதத்தில் யாருக்குத்தான் வேர்க்குரு இல்லை?

ஆனால் வேர்க்குரு என்றால் குரு எங்கே? என் தோலில் ஒரு தடிப்பு இல்லை, ஒரு பொரி இல்லை. நான் சொறிந்த கோடுகள் மட்டும்தான். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நம் ஜெபக்கூடத்தில் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் நடத்தும் லீதியாள் அக்கா மட்டும் நல்ல வார்த்தை சொன்னார்கள். "பிள்ளைக்கி முடி முளைக்குதுளா. எனக்கு மூத்தவன் வயித்துல இருக்கையில இப்பிடித்தான் அரிச்சிது. அவன் தலையப் பாரு, காடு மாதிரி இருக்கு." அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்று முழுக்கச் சொறிந்துகொண்டே சிரித்தேன்.

ராத்திரியானால் அந்தச் சந்தோஷம் நிற்காது. விளக்கை அணைத்ததும் அரிப்பு கூடும். அவர் பன்னிரண்டு மணி நேரம் நின்று வெட்டிவிட்டு வந்து படுத்திருப்பார், எழுப்ப மனம் வராது. பாத்திரம் கழுவுகிற மூலையில் உட்கார்ந்து, வாளித் தண்ணீருக்குள் இரண்டு காலையும் விட்டுக்கொள்வேன். தேங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்து ரத்தம் வரும். சிறுநீர் பால் விடாத கட்டன் சாயா நிறத்தில் போக ஆரம்பித்தது. சூடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இதை ஏன் டாக்டரிடம் காட்டவில்லை என்று கேட்பீர்கள். அங்கேதான் நான் செய்த தவறு இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். மகளைக் கூட்டிக்கொண்டு போகாவிட்டால் ஊரில் அம்மாவுக்குத் தலை காட்ட முடியாது. என் அம்மா திசையன்விளை பக்கம் இருக்கிறாள். வீட்டுக்கு வெள்ளையடித்து, தொட்டிலுக்குக் கயிறு வாங்கி வைத்திருந்தாள். மே மாதம் இரண்டாம் வாரம் எனக்கும் மாமியாருக்கும் ரயிலில் டிக்கெட் போட்டிருந்தோம். லீவு நேரம், வெயிட்டிங் லிஸ்ட் இருபத்திரண்டும் இருபத்திமூன்றும்.

ஏப்ரல் கடைசியில் அரசு மருத்துவமனைக்கு மாதச் செக்கப்புக்குப் போனேன். எனக்கு முன்னால் வரிசையில் நின்ற பெண்ணுக்கு பிரஷர் அதிகம். ஊருக்கெல்லாம் போகக்கூடாது என்று டாக்டர் அவளிடம் கண்டிப்பாகச் சொன்னது என் காதில் விழுந்தது. என் முறை வந்தது. வேறு ஏதாவது தொந்தரவு உண்டா என்று இந்தியில் கேட்டார். நான் இரண்டு கையையும் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டேன். "நஹீ" என்றேன். என்னையும் நிறுத்திவிடுவாரோ என்ற பயம்.

ஆண்டவர் முன்னிலையில் சொல்கிறேன், என் பிள்ளையின் உயிரை வைத்து நான் சொன்ன பொய் அது.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் விண்ணப்பச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். அரிப்பைப் பற்றி எழுதவில்லை. டிக்கெட் கன்ஃபார்ம் ஆக வேண்டும் என்றுதான் எழுதினேன். நீங்கள் எல்லாரும் எனக்காக முழங்காலில் நின்றீர்கள். நம்பரும் குறைந்துகொண்டே வந்தது. பதினான்கு, பதினைந்து. ஏழு, எட்டு. பயண நாள் காலையில் ஒன்று, இரண்டு. மாமியார் முறுக்குப் பொட்டலத்தைக்கூடப் பைக்குள் வைத்துவிட்டார்கள்.

மத்தியானம் மெசேஜ் வந்தது. சார்ட் போட்டாயிற்று, டிக்கெட் தானாகவே ரத்து. ஒன்றும் இரண்டும் அப்படியே நின்றுபோயின.

அன்று நான் ஆண்டவரிடம் பேசியதை உங்கள் முன்னால் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆறு வருஷம் காக்க வைத்தீரே, இப்போது உட்கார ஒரு சீட்கூடவா தரமாட்டீர் என்று கேட்டேன். கட்டி வைத்த பைகளின் மேலேயே உட்கார்ந்து, ஒரு கையால் மறு கையைப் பிராண்டிக்கொண்டு அழுதேன். பிறகு அம்மாவுக்கு போன் போட்டேன்.

"விடுட்டி, அடுத்த வாரம் பாப்போம்" என்றாள். "ஒடம்பு எப்பிடி இருக்கு?"

"அரிப்புதாம்மா. வேற ஒண்ணுமில்ல."

"எங்க அரிக்கி?"

"எல்லா எடத்துலயும். உள்ளங்கைலயும் உள்ளங்கால்லயும்தான் ரொம்ப."

லைன் போய்விட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்றேன்.

"குரு இருக்கா?"

"இல்லம்மா."

"ராத்திரி கூடுதா?"

"ஆமா. ஏன்?"

"போன மாப்பிள்ளகிட்ட குடு."

அவர் பட்டறையில் இருந்தார். எதுவானாலும் என்னிடமே சொல் என்று பிடிவாதம் பிடித்தேன். அம்மா அழ ஆரம்பித்தாள். என் அம்மா அழுது நான் கேட்டதே இல்லை.

"உனக்கு முன்ன ஒரு பையன் இருந்தான்டி. வயித்துலயே போயிட்டான். கடைசி மாசம் பூரா இப்பிடித்தான் அரிச்சிது. சூடுன்னு சொல்லிட்டாவ. நானும் விளக்கெண்ணெயத் தேச்சிக்கிட்டுக் கெடந்தேன். ஒருநா காலைல எந்திரிச்சேன், அசைவு இல்ல."

"இத்தன வருஷமா ஏம்மா சொல்லல?"

"பிள்ளத்தாச்சிகிட்ட செத்த பிள்ளையப் பத்திப் பேசலாமாட்டி? பேசக்கூடாதுன்னுட்டாவ. இப்பமே ஆஸ்பத்திரிக்குப் போ. போன வச்சிட்டுப் போ."

வயிற்றில் கை வைத்தேன். அசைவு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. மாமியார் அவருக்கு போன் போட்டார்கள். அவர் துணியில் கோடு போடுகிற சாக்பீஸைக் கையில் பிடித்தபடியே ஓடிவந்தார். டாக்ஸியில் போகும்போது வழியெல்லாம் டிராஃபிக். பெரிய ஜெபம் எதுவும் வாயில் வரவில்லை. இயேசப்பா, இயேசப்பா என்பதைத் தவிர வேறு வார்த்தை எனக்கு மறந்துபோனது.

மருத்துவமனையில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா இருந்தார். இந்த முறை நான் இரண்டு கையையும் மேசைமேல் விரித்து வைத்தேன். காலையும் காட்டினேன். அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். வீட்டில் வேறு யாருக்காவது அரிக்கிறதா, அப்படியென்றால் சொறிசிரங்காக இருக்கலாம். புதிதாக மாத்திரை சாப்பிட்டாயா? மஞ்சள் காமாலை வந்ததுண்டா? சுகர், தைராய்டு, கிட்னி ஏதாவது? ஓர் அரிப்புக்குப் பின்னால் இத்தனை காரணங்கள் நிற்குமென்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அம்மாவுக்கு நடந்ததைச் சொன்னதும் அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். ஏன் போன மாதமே சொல்லவில்லை என்று கோபப்பட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஈரலிலிருந்து குடலுக்குப் போக வேண்டிய பித்தம் சரியாகப் போகாமல் ரத்தத்தில் சேர்ந்துகொண்டிருந்தது. பிள்ளைத்தாய்ச்சிகளில் சிலருக்கு இப்படி வருமாம். அம்மாவுக்கு வந்திருந்தால் மகளுக்கும் வர வாய்ப்பு கூடுதலாம். தாய்க்கு அரிப்புதான், ஆபத்து பிள்ளைக்கு என்றார் டாக்டரம்மா. அந்த வார்த்தையைக் கேட்ட நேரம், நான் ஏறாத ரயில் நினைவுக்கு வந்தது. ஏறியிருந்தால் அந்நேரம் புனேயைக்கூடத் தாண்டியிருக்காது. இன்னும் ஒன்றரை நாள் நான் அதில் சொறிந்துகொண்டே போயிருப்பேன். அம்மாவும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டாள்.

அன்றே வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். மூன்று வாரம் இருந்தேன். மாத்திரை கொடுத்தார்கள், தினமும் வயிற்றில் பட்டை கட்டி பிள்ளையின் துடிப்பை மிஷினில் பார்த்தார்கள். அரிப்பு கொஞ்சம் குறைந்தது, பயம் குறையவில்லை. பிள்ளை தூங்கினால் நான் செத்துப் பிழைப்பேன். என் பக்கத்துக் கட்டில் பெண், சும்மா சும்மா சிஸ்டரைக் கூப்பிடுகிறாள் என்று முணுமுணுத்தாள். முணுமுணுக்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

லீதியாள் அக்கா பார்க்க வந்தபோது நான் டாக்டரிடம் பொய் சொன்னதைச் சொன்னேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "முடி முளைக்குதுன்னு சொன்னவ நான்தானளா. எனக்காவயும் சேத்து மன்னிப்புக் கேளு" என்றார்கள். இரண்டு பேரும் கட்டிலில் உட்கார்ந்து அழுதோம். அன்று முதல் டிக்கெட்டுக்காகவும் அரிப்புக்காகவும் ஜெபிக்கவில்லை. பிள்ளை அசையட்டும் என்று மட்டும் கேட்டோம்.

ஜூன் முதல் வாரம், ஒரு வியாழக்கிழமை காலை. கண் விழித்தேன். வெளியே மழை தொடங்கியிருந்தது. வயிற்றில் அசைவு இல்லை. இடது பக்கம் திரும்பிப் படுத்தேன். இல்லை. அம்மா சொன்ன அந்தக் காலை இதுதான் என்று தோன்றியது. வெட்கம் பார்க்கவில்லை, பிள்ளை அசையவில்லை என்று வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி இந்தியில் கத்தினேன். "சிஸ்டர், பச்சா ஹில்தா நஹீ!"

ஓடிவந்து மிஷினை மாட்டினார்கள். துடிப்பு இருந்தது. ஆனால் அடிக்கடி இறங்கியது. டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தார், உடனே ஆபரேஷன் என்றார். ஸ்ட்ரெச்சரில் போகும்போது டாக்டரம்மாவும் கூடவே ஓடிவந்தார். ஆண்டவரே, நான் சொன்ன பொய்யை இந்தப் பிள்ளைமேல் வைக்காதேயும் என்பதுதான் நான் கடைசியாகக் கேட்டது.

பிறகு அழுகைச் சத்தம் கேட்டது. அது என் அழுகை இல்லை. பெண் குழந்தை. இரண்டேகால் கிலோ. தலையில் ஒரு முடி இல்லை, சுத்தமான மொட்டை. லீதியாள் அக்கா வந்து அந்த மொட்டையைத் தடவித் தடவிப் பார்த்தார்கள்.

மூன்றாம் நாள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன். என் கைகள் சும்மா இருந்தன. அரிப்பு சொல்லாமல் கொள்ளாமல் போயிருந்தது.

அம்மா அடுத்த வாரம் வந்தாள். டிக்கெட் உடனே கிடைத்தது. பேத்தியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"உனக்குச் சொல்ல நான் இருந்தேன். எனக்கு அன்னைக்கி ஏன்டி ஒருத்தரும் இல்ல?"

எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி உங்கள் முன்னால் பேசவும் மாட்டேன். அவளும் ஜெபித்தவள்தான், என்னைவிட அதிகமாக. பரலோகத்தில் கேட்க வேண்டியவற்றில் அதை முதலாவதாக வைத்திருக்கிறேன்.

தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். நான் கேட்டதை ஆண்டவர் தரவில்லை, என் பிள்ளையைத் தந்தார். இப்போதும் எனக்குப் பயம் உண்டு. ஆனால் பயத்தைத் துப்பட்டாவுக்குள் ஒளித்துவைப்பதில்லை. டாக்டரிடமும் சொல்கிறேன், ஆண்டவரிடமும் சொல்கிறேன். அடுத்த பிள்ளைக்கும் இது வரலாம், என் மகள் பெரியவளானால் அவளுக்கும் வரலாம். அவளிடம் நான் மறைக்க மாட்டேன். உங்களில் கர்ப்பமாக இருக்கிற சகோதரி யாருக்காவது கையும் காலும் அரித்தால், முடி முளைக்கிறது என்று சிரித்துக்கொண்டு இருந்துவிடாதீர்கள். இன்றைக்கே போய்க் காட்டுங்கள். போகும் வழியெல்லாம் அவரைக் கூப்பிடுங்கள். கேட்டது கிடைக்கவில்லையே என்று அழுகிறவர்களும் இன்னும் ஒரு நாள் அவரை நம்பிப் பாருங்கள்.

என் அம்மா ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின ஞாயிறு, நம் ஜெபக்கூடத்தில் ஸ்தோத்திர ஜெபம் நடந்தது. பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் எழுந்து நின்றாள். முப்பது வருஷத்துக்கு மேல் யாரிடமும் சொல்லாததை அன்று எல்லார் முன்னாலும் சொன்னாள்.

"எனக்கு மூத்தது ஒரு பையன். சாமுவேல்னு பேரு வச்சிருந்தேன்."