பிரிட்ஜுக்குள் வைத்த துளசி

சித்தியின் ஆராய்ச்சி எங்கள் வீட்டுக்கு மூன்று கண்ணாடித் தட்டுகளில் வந்தது. ஒவ்வொன்றிலும் ஈரத்தாளின் மேல் துளசி விதைகள். ஒன்று மேசையில், ஒன்று அடுப்படியில், ஒன்று பிரிட்ஜுக்குள். எந்தச் சூட்டில் எத்தனை முளைக்கின்றன என்று ஏழாம் நாள் எண்ண வேண்டும். அதுவரை ஒருவரும் தொடக்கூடாது. அம்மாவின் தங்கையான சித்தி யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் கம்பஸ், அதாவது பல்கலைக்கழகம், படித்தார். இதுதான் கடைசிச் சோதனை. இது முடிந்தால்தான் ஆவணியில் கலியாணம், பிறகு கனடா. மாப்பிள்ளையைப் படத்தில்தான் பார்த்திருந்தார்.

எனக்கு வயது ஏழு, பக்தி எழுபது. மூன்றாம் நாள் அப்பா மயிலிட்டியிலிருந்து மீன் வாங்கிவந்தார். அம்மா அதைப் பிரிட்ஜுக்குள் வைத்ததும் எனக்குத் திக்கென்றது. துளசிக்குப் பக்கத்தில் மீனா? ஒருவருக்கும் சொல்லாமல் தட்டைச் சாமியறைக்குக் கொண்டுபோனேன். பிள்ளையாருக்குத் துளசி ஆகாது என்று தெரியும். ஆகவே கிருஷ்ணர் படத்துக்குப் பின்னால், விளக்குச் சூடு படுகிற இடத்தில் வைத்துவிட்டு மறந்துபோனேன்.

ஏழாம் நாள் சித்தி பிரிட்ஜைக் குடைந்து தேடினார். நான் பெருமையோடு தட்டை நீட்டினேன். அநேகமாக எல்லா விதையும் முளைத்திருந்தது.

“கிருஷ்ணர் முளைக்க வைச்சிட்டார், சித்தி!”

அம்மா என் காதைத் திருகினார். “ஆரடி உனக்கு எடுக்கச் சொன்னது? மாப்பிள்ளை வீட்டுக்காரர் கலியாண நாளும் பாத்துப்போட்டாங்கள்!”

சித்தி நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்: “திரும்ப வைக்க விதை இல்லை, அக்கா. புதுசு முத்திக் காயவேணும். ஆவணிக்கு ஏலாது.”

மாப்பிள்ளை வீட்டார் காத்திருக்கவில்லை. வேறிடத்தில் பெண் எடுத்தார்கள். செய்தி வந்த அன்று எங்கள் வீடு செத்தவீடு போல இருந்தது. எல்லாம் என்னால் என்று தேம்பித் தேம்பி அழுதேன். சித்தி என்னைச் சைக்கிளில் ஏற்றி ஐஸ்கிரீம் கடைக்குக் கூட்டிப்போனார்.

“அழாதை, குஞ்சு. இன்னொண்டு வேணுமோ?”

காசெடுக்கக் கைப்பையைத் திறந்தார். உள்ளே ஒரு சின்னப் போத்தல் நிறையத் துளசி விதை.

“விதை இல்லையெண்டெல்லோ சொன்னனீங்கள்?”

“ஐஸ்கிரீமைக் குடி, உருகுது.”

கலியாணத்துக்குச் சம்மதமா என்று எங்கள் வீட்டில் ஒருவரும் சித்தியைக் கேட்டிருக்கவில்லை. அது எனக்குத் தெரியவந்தபோது நான் வளர்ந்துவிட்டிருந்தேன். அன்றைக்கோ, இவ்வளவு கெடுத்தவளுக்கு இரண்டாவது ஐஸ்கிரீம் ஏன் என்றுகூட விளங்கவில்லை. சித்தி மனம் மாறுமுன் குடித்து முடித்தேன்.