புளி போட்டுத் தேய்த்த பிளாட்டினம்

எண்பதுகளின் தொடக்கத்தில் திருச்சியில் ஒரு கல்லூரி லேபில் நான் ஆராய்ச்சி மாணவி. தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து ஹைட்ரஜன் எடுப்பது, அதை எரிபொருள் கலத்துக்குள் விட்டு மறுபடி மின்சாரம் எடுப்பது, இதுதான் என் வேலை. புகை கிடையாது, மிஞ்சுவது வெறும் தண்ணீர். "தண்ணியில ஆரம்பிச்சுத் தண்ணியிலேயே முடிக்கறதுக்கு எதுக்கும்மா படிப்பு? காவேரிக்கரையில போய் உட்காரலாமே" என்று ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவே கிண்டல் செய்யும். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும்.

கலத்தின் உயிரே உள்ளங்கை அகலமுள்ள இரண்டு நிக்கல் வலைகள்தான். அவற்றின்மேல் நான் பிளாட்டினம் பூசியிருந்தேன். நகைக்கடையில் மின்னுகிற பிளாட்டினம் என்று நினைத்துவிடாதீர்கள். பொடிப்பொடியாகப் படிந்தால் அது அடுப்புக்கரி மாதிரிதான் இருக்கும். அந்தக் கறுப்பு இல்லாவிட்டால் கலம் வேலை செய்யாது. வழி தெரியாமல் தடுமாறி அதைப் பூசி முடிக்க எனக்கு நாலு மாதம் ஆயிற்று.

லேபில் உதவியாளர் ஒருவர் இருந்தார். என் அப்பா வயது. பல வருஷமாகத் தற்காலிக வேலை. தீபாவளிக்குள் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள்; புரொபசர் கையெழுத்துப் போட வேண்டியது ஒன்றுதான் பாக்கி. அவர் பெண்ணுக்கு ஓர் இடம் கூடி வந்திருந்தது. வேலை பர்மனென்ட் ஆனதும் நிச்சயம் செய்துகொள்ளலாம் என்று மாப்பிள்ளை வீட்டார் காத்திருந்தார்கள்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள். மூன்று வாரத்தில் டெல்லியிலிருந்து ஒரு குழு வருகிறது. என் கலம் ஒரு சின்ன ஃபேனைச் சுழற்றிக் காட்டியாக வேண்டும். தலை வெடித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் வந்து எதையெல்லாம் சுத்தம் செய்யலாம் என்று கேட்டார்.

"எத்தனை தடவைதான் கேப்பீங்க? மேஜை மேல இருக்கிற எல்லாத்தையும் தேய்ங்க. ஒண்ணுகூடக் கறுப்பா இருக்கக் கூடாது. பளபளன்னு இருக்கணும், போங்க!" என்று எரிந்து விழுந்துவிட்டு பஸ் பிடிக்க ஓடினேன். வலைகள் அந்த மேஜை மேல்தான் காய்ந்துகொண்டிருந்தன.

மறுநாள் காலை பூஜைக்குப் போனால் தராசு, மோட்டார், கண்ணாடிக் குடுவை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். என் இரண்டு வலைகளுக்கும் பொட்டு. இரண்டும் வெள்ளித்தட்டு மாதிரி மின்னின.

"கரி ஏறிக் கிடந்துச்சும்மா. புளி போட்டு அழுத்தித் தேய்ச்சேன். எப்படி இருக்கு பாருங்க!" என்றார், முகமெல்லாம் சிரிப்பாக.

நான் கத்திய கத்தலில் பூஜைக்கு வந்தவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். "நீயெல்லாம் மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்றேன். நீ என்றுதான் சொன்னேன்.

புரொபசர் வந்தார். "யார்யா உன்னை இதைத் தொடச் சொன்னது?"

"அம்மாதான் சார் எல்லாத்தையும் தேய்க்கச் சொன்னாங்க."

"பொய் சார். நான் மேஜையைத்தான் துடைக்கச் சொன்னேன்."

நாக்கு கொஞ்சமும் தடுமாறவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் என் ஸ்காலர்ஷிப்புக்கு அன்றே மங்களம் பாடியிருப்பார்.

"இவருக்குப் பர்மனென்ட் வேணுமாம்!" என்றார் புரொபசர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"ஒரே ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லுங்கம்மா, எம் பொண்ணு கல்யாணம் நின்னுடும்" என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டார். நான் வலையில் ஒட்டியிருந்த குங்குமத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை முதல் அவர் வரவில்லை. வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

அடுத்த வருஷம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் அவரே என்னைப் பார்த்து அருகில் வந்தார். சட்டையெல்லாம் தவிட்டுத் தூசி. மண்ணச்சநல்லூரில் ஒரு ரைஸ் மில்லில் மூட்டை தைக்கிறாராம். பெண்ணுக்கு வந்த இடம் தட்டிப்போயிற்றாம். ஒரு வசவாவது வரும் என்று காத்திருந்தேன்.

"அந்த ஃபேன் சுத்துச்சாம்மா?" என்றார்.

"சுத்துச்சே! கைப்பழக்கம் வந்திருச்சு இல்லையா, ரெண்டே வாரத்துல திரும்பப் பூசிட்டேன்" என்றேன், பெருமை தாங்காமல்.



"ரெண்டே வாரமா? அப்ப அதுக்கப்புறமாச்சும் சார்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா. உங்களுக்குத்தான் ஒண்ணும் போகலையே."

ஸ்ரீரங்கம் பஸ் வந்தது. முண்டியடித்து ஏறி, அவர் நின்ற பக்கம் இல்லாத சீட்டாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன்.