மாடிக்கு மாற்றிய கூட்டம்

இன்று விழுப்புரத்தில், ஜில்லா போர்டு தேர்தலில் நிற்க வேண்டியவரை எங்கள் கட்சி தேர்ந்தெடுத்தது. திண்டிவனத்திலிருந்து என் அண்ணனை, யுத்தத்தால் பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடும் பஸ்ஸில் அழைத்துப் போனேன். இடுப்புக்குக் கீழே அசைவில்லாதவர். ஆனாலும் போன முறை ஜெயித்தவர்.

கூட்டத்தைக் கடைசி நேரத்தில் மாடிக்கு மாற்றியிருந்தார்கள்.

"அண்ணன் கீழயே குந்திக்கினு இருக்கட்டும். முடிவை வந்து சொல்றோம்," என்றார் காரியதரிசி.

நான் முதுகைக் காட்டிக் குனிந்தேன். அண்ணன் மறுத்துவிட்டார். கைகளை ஊன்றி, ஒவ்வொரு படியாக உட்கார்ந்தே ஏறினார்.

அதற்குள் வேறொருவருக்கு மாலை போட்டுவிட்டார்கள்.

"உங்களுக்கு எதுக்குங்க அலைச்சல்?" என்றார் காரியதரிசி.

"அலைச்சல்னு நான் எப்பங்க சொன்னேன்?" என்றார் அண்ணன்.

யாரும் வாய் திறக்கவில்லை. நானும்தான்.

திரும்பும்போது பஸ்ஸில் ஏற்ற நான் குனிந்தேன்; அண்ணன் கண்டக்டரைக் கூப்பிட்டார்.

கட்சிக்கு மேடைப் பேச்செல்லாம் எழுதித் தருபவன் நான். அங்கே ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று நாளை அவரிடம் சொல்ல ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை. உங்களுக்குத் தோன்றினால் சொல்லுங்கள், நண்பர்களே.