என் விளம்பரங்களைத் தினமும் தட்டியவர்களைப் பார்க்க ரஞ்சன்காவ் போனேன்

புனே பக்கத்தில் இருக்கும் ரஞ்சன்காவ் மகாகணபதி கோயிலுக்குப் பேருந்தில் எப்படிப் போவது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். வழி, கட்டணம் எல்லாம் இந்தப் பதிவில் இருக்கிறது. ஆனால் போன மாதம் நான் அங்கே போனதற்கு முதல் காரணம் கோயில் இல்லை. இந்தத் தளத்தில் வரும் விளம்பரங்கள்தான் என்னை அங்கே இழுத்துக்கொண்டு போயின. அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். நான் கோவைக்காரி, புனேவில் நிக்டியில் குடியிருக்கிறேன். கணவர் சரவணனுக்கு ஹிஞ்சேவாடியில் மென்பொருள் வேலை. எனக்கும் அதே வேலைதான் இருந்தது, மகள் பிறந்த பிறகு விட்டுவிட்டேன். கார் இல்லாமல், பேருந்திலும் மெட்ரோவிலும் புனேவைச் சுற்றி எங்கெல்லாம் போகலாம் என்று தமிழில் எழுதத் தொடங்கியது அதற்கப்புறம். இரண்டு வருடம் கைக்காசைப் போட்டு நடத்தினேன். படிக்கிறவர்கள் கொஞ்சம் கூடியதும் ஒரு விளம்பர நிறுவனத்தில் பதிவு செய்துகொண்டேன். அவர்கள் தருகிற சில வரிகளைத் தளத்தில் ஒட்டிவிட்டால் போதும், பத்திகளுக்கு நடுவே இருக்கும் கட்டங்களை அவர்களே, பார்க்கிற ஆளுக்குத் தகுந்த விளம்பரத்தால் நிரப்பிக்கொள்வார்கள். யாராவது பார்த்தால் சில பைசா, தட்டி உள்ளே போனால் சில ரூபாய்.

முதல் முறை பணம் வந்தபோது ஒரு நல்ல மழைக்கோட்டு வாங்கினேன். தொகையைச் சொன்னால் சிரிப்பீர்கள். வேலையை விட்ட பிறகு என் பெயருக்கு வந்த முதல் வருமானம் என்பதால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சந்தோஷத்தில், "இனி இந்த விளம்பரங்கள்தான் என் பயணச் செலவைத் தாங்கப் போகின்றன" என்று ஒரு பதிவும் போட்டேன்.

மழைக்காலம் முடிகிற நேரத்தில் அந்த நிறுவனத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. என் தளத்தில் முறையற்ற தட்டல்கள் நடக்கின்றன, கணக்கை ஒரு மாதத்துக்கு நிறுத்தி வைக்கிறோம், காரணம் தெரிந்தால் எழுதுங்கள், மறுபடி நடந்தால் நிரந்தரமாக மூடிவிடுவோம் என்று இருந்தது. நான் ஒரு தட்டும் தட்டவில்லை. வீட்டில் யாரும் தட்டவில்லை. யாரோ வேண்டாதவர்கள் செய்த வேலை என்று இரண்டு நாள் பொருமிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் ஒரு பின்னூட்டம் வந்தது. எழுதியவர் பெயரை மாரிமுத்து என்று வைத்துக்கொள்வோம். "அக்கா, நாங்க ரஞ்சன்காவ் கம்பெனியில வேலை செய்யிறோம். ரூம்ல ஆறு பேர். உங்க செலவுக்கு ஆகட்டும்னு டெய்லி எல்லாரும் உங்க விளம்பரத்தத் தட்டிட்டுத்தான் தூங்குறோம். ரெண்டு நாளா விளம்பரமே வரலையே, ஏன்?" என்று கேட்டுத் தன் எண்ணையும் கொடுத்திருந்தார்.

சரவணனிடம் காட்டினேன். படித்துவிட்டு வெகுநேரம் சிரித்தார்.

"இதுக்கு எதுக்குங்க சிரிக்கறீங்க? கணக்கே போயிரும் போல இருக்குது."

"போன் பண்ணி, இனிமேல் தட்டாதீங்கன்னு சொல்லிரு. அவ்வளவுதானே."

போன் செய்தேன். சொல்ல வாய் வரவில்லை. மாரிமுத்து அவ்வளவு சந்தோஷமாகப் பேசினார். "நீங்க லோனாவளா எழுதுனீக, லோஹகட் எழுதுனீக, ரெண்டுக்கும் போயிட்டு வந்தோம். நாங்க இருக்குற ஊரப் பத்தி ஒண்ணும் எழுதலையேக்கா. வியாழக்கிழமை எங்களுக்கு லீவு, வாங்க, சாப்பாடு நாங்க பாத்துக்கிர்றோம்" என்றார். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன். சரவணன் அன்று வீட்டிலிருந்தே வேலை பார்த்து, மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவதாக ஏற்பாடு.

நிக்டியிலிருந்து ரஞ்சன்காவ் போக நேர் பேருந்து எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. காலை ஏழரைக்குக் கிளம்பி, நகரப் பேருந்தில் பிம்ப்ரி மெட்ரோ நிலையம் போனேன், இருபது ரூபாய். அங்கிருந்து மெட்ரோ. நடுவில் சிவில் கோர்ட் நிலையத்தில் இறங்கி, வழி மாறி, ராம்வாடி வரைக்கும் போக வேண்டும். சீட்டு முப்பது ரூபாய் சொச்சம். மாறுகிற இடத்தில் நகரும் படிகள் நீளமாக இருக்கும், பெரியவர்களோடு போனால் மின்தூக்கியைத் தேடிப் பிடியுங்கள். ராம்வாடியிலிருந்து வாகோலிக்கு மறுபடி நகரப் பேருந்து. தூரம் எட்டு கிலோமீட்டர்கூட இருக்காது, ஆனால் அன்று நாற்பது நிமிடம் ஆனது. அந்தச் சாலையில் அது சாதாரணம்.

வாகோலியில் ஷிரூர் பக்கம் போகும் எஸ்.டி. என்கிற அரசுப் பேருந்துகள் நிற்கும். சிவப்புப் பேருந்து, ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நடத்துநர் வந்து, "குடே, தாயி?" என்றார். எங்கேம்மா என்று கேட்கிறார். ரஞ்சன்காவ் என்றதும் பாதி விலைக்குச் சீட்டுக் கிழித்தார். மகாராஷ்டிராவில் எஸ்.டி. பேருந்தில் பெண்களுக்குப் பாதிக் கட்டணம், நாற்பது ரூபாய்க்குள் முடிந்தது. இது தெரியாமல் நம்மில் பலர் முழுச் சீட்டுக்குக் காசை நீட்டுகிறோம்.

கோரேகாவ் தாண்டினால் கரும்பும் வெங்காயமும் விளையும் வயல்கள். ஷிக்ராபூர் தாண்டியதும் தொழிற்சாலைகளின் நீண்ட மதில்கள். மதிலைப் பார்த்துக்கொண்டே, எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். என் மேல் இருந்த அன்பில் செய்திருக்கிறார்கள். அதுவே என் கணக்கை நிறுத்திவிட்டது என்று முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

பதினொரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் இறங்கினேன். கோயில் நெடுஞ்சாலையிலேயே இருக்கிறது, பேருந்தில் இருந்தே கோபுர வாசல் தெரியும். மாரிமுத்து நின்றுகொண்டிருந்தார். முப்பது வயதுக்குள், பரமக்குடிப் பக்கம் ஊர். கூட இன்னொருவர், அவரைவிட இளையவர். பாண்டி என்று வைத்துக்கொள்வோம்.

"தனியாவா வந்தீக? அண்ணன் வரலையா?" என்றார் மாரிமுத்து.

"அவருக்கு வேலைங்க. நான் எப்பவும் தனியாத்தான் வருவேன். அப்பத்தானே எழுத முடியும்."

முதலில் கோயில். வியாழன் என்பதால் கூட்டம் இல்லை, கால் மணி நேரத்தில் தரிசனம் முடிந்தது. அஷ்டவிநாயகர் என்று இந்தப் பக்கத்தில் எட்டுப் பிள்ளையார்களைச் சுற்றி வருவார்கள், அதில் ஒருவர் இவர். வாசலில் அருகம்புல்லும் செம்பருத்தியும் சேர்த்துக் கட்டி விற்கிறார்கள், நம்மூர் மாதிரியே. பாண்டி எனக்கும் சேர்த்து ஒன்று வாங்கி வந்தார்.

அறை அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் பத்து நிமிடம். மாடியில் ஒரே அறை, சுவரோரம் சுருட்டி வைத்த பாய்கள், வாசலில் வரிசையாகக் கம்பெனி ஷூக்கள். நாலு பேர் ஊருக்கும் சந்தைக்குமாகப் போயிருந்தார்கள். கத்தரிக்காய்ப் புளிக்குழம்பும் அப்பளமும் தயாராக இருந்தன. சாப்பிட்டு முடித்த பிறகு சொன்னேன்.

"தம்பி, விளம்பரம் வராததுக்குக் காரணம் சொல்லட்டுங்களா? விளம்பரம் குடுக்கறவன், ஒருத்தர் தட்டுனா, பொருள் வாங்க வர்ற ஆளுன்னு நம்பிக் காசு குடுக்கறான். ஒரே ஆள் தினமும் தட்டுனா, ஏமாத்தறாங்கன்னு அவங்க மிஷின் கண்டுபிடிச்சிருது."

மாரிமுத்துவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. "அப்ப நாங்க ஒண்ணும் வாங்காம, டெய்லி கடைக்குள்ள போயிப் போயி வந்திருக்கோம்."

"ஆமாங்க."

"ஓங்க பொழப்பக் கெடுத்துட்டமாக்கா?"

"ஒரு மாசம் நிறுத்தியிருக்காங்க. விவரமா எழுதிப் போட்டாத் திருப்பிக் குடுத்துருவாங்கன்னு நெனைக்கறேன். நீங்க நல்லதுக்குத்தான் பண்ணுனீங்க. அதை நேர்ல சொல்லத்தான் வந்தேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த இறுக்கத்தை மாற்ற, "சரி, தட்டுனீங்களே, என்னென்ன விளம்பரந்தான் வந்துச்சு?" என்று கேட்டேன்.

நான் விளையாட்டாகத்தான் கேட்டேன். என் போனில் என் தளத்தைத் திறந்தால் வாகட் பக்கத்து அடுக்குமாடி வீடுகள், பயணப் பைகள், பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு என்று வரும். மாரிமுத்து, நிறுத்துவதற்கு முன்னால் எடுத்து வைத்திருந்த ஸ்கிரீன்ஷாட்டுகளைக் காட்டினார். நண்பர்களுக்கு அனுப்பி, இப்படித்தான் தட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க எடுத்தவை. லோஹகட் கோட்டை பற்றிய என் பதிவு. முதல் பத்திக்குக் கீழே, "ஆதார் போதும், ஐந்தே நிமிடத்தில் கடன்". படியேறும் இடத்தைப் பற்றி எழுதியிருந்ததற்குக் கீழே வேறொரு கடன் செயலி. கடைசியில், பெண்கள் தனியாகப் போகலாமா என்று நான் எழுதியதற்கு அடியில், மறுபடி கடன்.

"எப்பவும் இதுதான் வருமா?"

"எங்களுக்கு இதுதாங்க்கா அதிகம் வரும்."

அதுவரை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பாண்டி கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மாரிமுத்து அவரைப் பார்த்து, "சொல்லாதடா" என்பதுபோல் கையசைத்தார். நான் கேட்ட பிறகுதான் பாண்டி சொன்னார்.

"அதுல ஒண்ணத் தட்டும்போது, சரி, எடுத்துத்தான் பாப்பமேன்னு எடுத்துட்டேன். தங்கச்சிக்குச் சீமந்தம், கையில காசு இல்ல. ரெண்டு வாரத்துலயே போன் மேல போன். கட்டுனாலும் கட்டலன்றான். என் போன்ல இருந்த நம்பருக்கெல்லாம் பேசிட்டான், தங்கச்சி மாமியாருக்குக்கூட. ரூம்ல எல்லாரும் சேந்து கட்டி முடிச்சுட்டோம். இப்ப ஒண்ணும் இல்ல."

"போலீஸ்ல சொல்லலையாப்பா?"

"இங்க மராட்டியில எப்படிச் சொல்றது? ஊருக்குத் தெரிஞ்ச அசிங்கம் போதும்னு விட்டுட்டேன்." பிறகு, என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில், "ஓங்க பக்கத்துல வந்துச்சா, நல்ல கம்பெனியாத்தான் இருக்கும்னு நெனச்சேங்க்கா. நீங்க எந்தக் கடையில டீ நல்லாருக்கும்னு எழுதுனாலும் சரியா இருக்கும்ல" என்றார்.

அவர் குறையாகச் சொல்லவில்லை. "எம்மேல கோவம் இல்லையா?" என்று கேட்டேன்.

"நீங்க என்ன பண்ணுவீக? அவன்தான கடன் குடுத்தான்."

மூன்று மணிக்குத் திரும்பும் பேருந்தைப் பிடித்தேன். ஏற்றிவிட வந்த மாரிமுத்து, "அப்ப ஒங்களுக்கு நாங்க எப்படித்தான் உதவுறது?" என்று கேட்டார். படிங்க, போயிட்டு வாங்க, நான் எழுதியது தப்பாக இருந்தால் சொல்லுங்க என்றேன். உடனே, ஷிக்ராபூரில் பேருந்து நிற்கும் இடத்தை நான் ஒரு பழைய பதிவில் எதிர்ப்பக்கமாக எழுதியிருப்பதைச் சொன்னார். திருத்திவிட்டேன்.

வழியெல்லாம் பாண்டி சொன்னதுதான் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ஊரைப் பற்றி எழுதுமுன் அங்கே கழிப்பறை சுத்தமா, கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று நேரில் போய்ப் பார்க்கிறேன். என் இரண்டு பத்திகளுக்கு நடுவே யார் வந்து உட்காருகிறார்கள் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. அந்தக் கட்டம் எனக்கு வாடகை தரும் இடம் என்று நினைத்தேன். படிக்கிறவருக்கு அதுவும் நான் எழுதியதுதான்.

வீட்டுக்கு வந்ததும் நிறுவனத்துக்கு நடந்ததை நடந்தபடி எழுதினேன். அப்புறம் விளம்பர அமைப்புகளுக்குள் போனேன். கணக்குத் தொடங்கிய நாளிலிருந்து திறந்தே பார்க்காத பக்கம் அது. எந்த வகை விளம்பரம் வேண்டாம் என்று நாமே தடுக்கலாம். கடன் சம்பந்தப்பட்டதையெல்லாம் தடுத்தேன். "அதுலதான் அதிகக் காசு வருது, தெரியுமில்ல?" என்றார் சரவணன். தெரியும், வருமான விவரத்தைப் பார்த்துவிட்டுத்தான் செய்தேன். பிறகு அவரே, நான் தவறவிட்ட இன்னொரு வகையைத் தேடிக் காட்டினார்.

கணக்கு திரும்பி வந்துவிட்டது. வருமானம் முன்பு போல் இல்லை, தளத்தின் வாடகைக்கும் பேருந்துச் சீட்டுக்கும் சரியாக இருக்கிறது. பாண்டியிடம் இதை எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்கக்கா, பேர மட்டும் மாத்திருங்க" என்றார்.

கோயிலுக்குப் போகிறவர்களுக்கு: செவ்வாய்க்கிழமையையும் சதுர்த்தி நாட்களையும் தவிர்த்தால் நிம்மதியாகப் பார்க்கலாம். வாகோலி நெரிசலுக்காகக் கையில் ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். நிக்டியிலிருந்து காலையில் கிளம்பினால் சாயங்காலம் ஏழு மணிக்குள் வீடு திரும்பலாம். கோயில் பக்கத்தில் சாப்பாட்டுக்கடைகள் இருக்கின்றன, நான் அங்கே சாப்பிடாததால் எதையும் பரிந்துரைக்கவில்லை.

படிக்கிறவர்களுக்கு: அன்புக்காக விளம்பரத்தைத் தட்டாதீர்கள். தேவையில்லாத கடன் விளம்பரம் ஏதாவது இன்னும் இங்கே தெரிந்தால், ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.

தளம் நடத்துகிறவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. உங்கள் பக்கத்தை ஒரு முறை வேறொருவர் போனில் திறந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கடைசி வரி வரைக்கும் படியுங்கள்.