எஸ்தர் தப்பாகப் பார்க்கவில்லை

போதும். ஒன்பது வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தாகிவிட்டது.

எஸ்தர் இறந்த செய்தி எனக்கு நம் வகுப்புக் குழுவிலிருந்து வரவில்லை. என் தம்பி மோகனின் மனைவி சாந்தி, வேலூரில் டயாலிசிஸ் வார்டுக்கு வெளியே நின்றுகொண்டு போன் செய்தாள்.

"மாமா, டிஷ்யூ லேப்ல இருந்தாங்களே எஸ்தரக்கா, உங்க கூடப் படிச்சவங்க, போய்ட்டாங்களாம். நேத்து சாயங்காலம். ஹார்ட்டு."

நான் ஏதும் சொல்வதற்குள் அவளே தொடர்ந்தாள். "நல்லவங்கதான், இல்லன்னு சொல்லல. ஆனா நம்ம கேஸ்ல தப்பா பார்த்துட்டாங்களோன்னு எனக்கு இன்னிக்கும் ஒரு டவுட்டு. ஒரே வயித்துல பொறந்தவங்களுக்கு எப்படி மாமா பொருந்தாம போகும்?"

"தெரியலம்மா" என்றேன். எஸ்தருக்கு நான் செலுத்திய முதல் அஞ்சலி அதுதான்.

நினைவுக் கூட்டத்தன்று ஒரு மலர் அச்சிடப்போவதாகவும், ஆளுக்கு ஒரு பக்கம் எழுதும்படியும் கேட்டிருந்தீர்கள். அவள் பாடகர் குழுவில் பாடியதையும், கிறிஸ்துமஸுக்குக் கேக் கொண்டுவந்ததையும் மற்றவர்கள் எழுதுவார்கள். நான் அவள் வேலையைப் பற்றி எழுதுகிறேன்.

எம்.எஸ்ஸி.யில் நான் முதலிடம், அவள் இரண்டாமிடம். வேலூர் மருத்துவமனையின் திசுப் பொருத்த ஆய்வகத்துக்கு இருவரும் விண்ணப்பித்தோம். வேலை அவளுக்குக் கிடைத்தது. எனக்குக் கிடைத்தது ஒரு தனியார் கல்லூரியில் விலங்கியல் பாடம். பாதிரியாரின் கடிதத்தால்தான் அவள் உள்ளே போனாள் என்று பல வருடம் சொல்லித் திரிந்தேன். உங்களில் சிலர் தலையாட்டினீர்கள். அவள் வேலை செய்வதைப் பார்த்த அன்றே அந்த எண்ணம் என்னை விட்டுப் போய்விட்டது. பேச்சை மட்டும் நான் நிறுத்தவில்லை.

ஒரு முறை அவளை என் மாணவர்களிடம் பேச அழைத்திருந்தேன். செல்லின் மேல் இருக்கும் அடையாளங்கள், அவற்றை உடம்பு தன்னுடையது, அந்நியம் என்று பிரித்தறிவது, அந்நியத்துக்கு எதிராகப் புரதங்களைச் செய்து தாக்குவது என்று பாடப் புத்தகத்தில் இருப்பதைத்தான் சொன்னாள். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். "மிஸ், மாட்டுத் தோலு நம்ம காலுக்கு ஒத்துக்குது. அண்ணன் தோலு மட்டும் தம்பிக்கு ஏன் ஒத்துக்க மாட்டேங்குது?"

தோலை நம்பிப் பிழைக்கும் ஆம்பூர்ப் பையன் கேட்கக்கூடிய கேள்வி. வகுப்பே சிரித்தது. எஸ்தர் சிரிக்கவில்லை. அவள் அப்பா டேனரியில் தோல் பதனிடும் டிரம் ஓட்டியவர்.

"டிரம்முல போட்டுப் பதப்படுத்தினதும் தோலு தான் யாருன்னு மறந்துடும்ப்பா. இதயத்துக்கு வைக்கிற மாட்டு வால்வைக்கூட கிட்டத்தட்ட அப்படித்தான் பண்றாங்க. உயிரோட இருக்குறது இருக்கே, அது எதையும் மறக்காது."

மாணவர்கள் அதைக் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். நான் எடுக்கவில்லை. மறக்காமல் இருப்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்பா இறந்தபோது நான் வெளியூரிலிருந்து வந்து ஜோலார்பேட்டையில் இறங்குவதற்குள், மூத்தவனான எனக்காக ஒரு மணி நேரம்கூடக் காத்திராமல் மோகன் கொள்ளி வைத்துவிட்டான். நான் போனபோது எல்லோரும் குளித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

ஷூ கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசராக இருந்த அந்த மோகனுக்குத்தான் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்தன. "பெரியவன் இருக்கான், குடுப்பான்" என்று அம்மா டாக்டரிடமே சொல்லிவிட்டாள். அப்போது நான் அறையில்தான் இருந்தேன். யாரும் என் பக்கம் திரும்பவில்லை.

பரிசோதனைக்காகப் போனபோது எஸ்தர் தன் தட்டைக் காட்டினாள். எங்கள் இருவருடையதல்ல, யாரோ முகம் தெரியாதவருடையது. சின்னச் சின்னக் குழிகள். தருபவரின் வெள்ளணுக்களையும் பெறுபவரின் சீரத்தையும் அவற்றில் சேர்த்து வைப்பார்கள். எதிர்ப்பு இருந்தால் அணுக்கள் செத்துச் சாயத்தை இழுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் உயிரோடு மின்னிக்கொண்டிருக்கும். ஒரே தட்டை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்ப்பார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக்கூடாது. ஒத்துப்போனால் மட்டுமே எஸ்தர் கையெழுத்துப் போடுவாள். அவசரம், வாய்மொழியாகச் சொன்னால் போதும் என்று மேலிருந்து கேட்டாலும் தரமாட்டாளாம். "கையெழுத்து இல்லாத ரிப்போர்ட்டு வெறும் காகிதம்ப்பா. அதை வச்சு யாரு வயித்தையும் கிழிக்கக்கூடாது" என்றாள்.

உடன்பிறந்தவர்களில் நான்கில் ஒருவருக்குத்தான் முழுப் பொருத்தம் அமையும் என்று வருடா வருடம் பாடம் நடத்தியவன் நான். அந்த ஒருவன் நானாக இருந்தேன்.

முடிவு வந்த அன்று எஸ்தர் என்னை வராந்தாவுக்குத் தனியாக அழைத்தாள்.

"அப்படியே பொருந்துதுடா. எல்லாமே. எதிர்ப்பும் இல்ல. இவ்ளோ நல்ல மேட்ச் அடிக்கடி பார்க்க முடியாது."

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"உனக்குக் குடுக்க இஷ்டமா?"

அந்தக் கேள்வியை என் வீட்டில் ஒருவரும் கேட்டிருக்கவில்லை. "இல்ல" என்று உடனே வந்துவிட்டது.

அவள் முகம் மாறவில்லை. "நாளைக்கு டாக்டர் உன்னைத் தனியா கூப்புடுவாரு. அங்க சொல்லிடு. இவரால தர முடியாதுன்னு மட்டும் வீட்ல சொல்லுவாங்க. காரணம் சொல்லமாட்டாங்க. இங்க அதான் வழக்கம். ஆனா ரிப்போர்ட்டுல ஒரு எழுத்து மாத்தமாட்டேன். இது உன் காப்பி. வச்சிக்க."

மருத்துவமனை சொன்னபடி அவ்வளவோடு நிறுத்திக்கொண்டது. நான் நிறுத்தவில்லை. அம்மா துருவித் துருவிக் கேட்டபோது, "பொருந்தலையாம். எஸ்தரே பார்த்துச் சொல்லிட்டா" என்றேன். அவள் பெயரைச் சேர்க்க வேண்டிய தேவையே இல்லை. சேர்த்தால்தான் நம்புவார்கள் என்று தெரிந்து சேர்த்தேன்.

பிறகு சாந்தி தன் சிறுநீரகத்தைக் கொடுத்தாள். பரிசோதனைக்கு வந்த சாந்தி, "இன்னாக்கா, கூடப் பொறந்தவருக்கே பொருந்தலையாமே?" என்று எஸ்தரிடம் கேட்டபோது பக்கத்தில் நான் இருந்தேன். எஸ்தர் என்னைப் பார்க்கவில்லை. "கையை நீட்டும்மா, ரத்தம் எடுக்கணும்" என்றாள். ஒரு நோயாளியின் விஷயத்தை இன்னொருவரிடம் சொல்லாதவள். அந்த ஒழுங்கின் நிழலில் நான் இத்தனை வருடம் ஒதுங்கியிருந்தேன்.

சாந்தி கொடுத்தது ஆறு வருடம் ஓடியது. பிறகு மோகனின் உடம்பு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அந்நியம் என்று தள்ளியது. மறுபடியும் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அந்த வாரமே எஸ்தர் என்னைக் கூப்பிட்டாள்.

"அந்தப் பேப்பர் வச்சிருக்கியா?"

"இருக்கு."

"அது கெட்டுப்போகாது. சாந்தியோடதுக்கு எதிரா அவன் உடம்புல இன்னா உண்டாகியிருந்தாலும் உன்னுது அவனுக்கு அந்நியம் இல்ல. திரும்ப ஒரு தடவை டெஸ்ட்டு பண்ணிப் பார்க்கணும், அவ்ளோதான்."

"யோசிக்கிறேன்."

"யோசி. நான் இங்கதான இருக்கப்போறேன்."

திட்டவில்லை. கெஞ்சவுமில்லை. அதற்குப் பிறகு அவள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அதுதான் அவள் மேல் எனக்குள்ள ஆறாத கோபம். ஒரு வார்த்தை கடிந்து பேசியிருந்தால், அந்தக் கோபத்திலாவது போய் ஆபரேஷன் மேஜையில் படுத்திருப்பேன். அவளோ முடிவை என் கையில் கொடுத்துவிட்டுத் தட்டைப் பார்க்கப் போய்விட்டாள். இப்போது ஒரேயடியாகப் போய்விட்டாள்.

அவளிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பவை இரண்டு. ஒன்று, யாரும் கேட்காத அந்த ஒரு கேள்வி. இன்னொன்று, பீரோவில் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் அந்தக் காகிதம். கீழே நீல மையில் அவள் கையெழுத்து. முந்தாநாள் எடுத்துப் பார்த்தேன். மங்கவே இல்லை.

சாந்தி நினைவுக் கூட்டத்துக்கு வருவாள். மலரை வாங்கிப் புரட்டுவாள். பெயர்களை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன், எஸ்தரின் பெயரைத் தவிர. அப்படியும் சாந்திக்குப் புரியும். எஸ்தர் தப்பாகப் பார்க்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். அதற்கு மேல் அவள் வந்து என்னைக் கேட்டால், நான் எழுதவில்லை என்று சொல்ல எனக்கு ஒரு வழியும் வேண்டும். உங்களுக்கு நான் யாரென்று தெரியும். தெரிந்துகொண்டு இருங்கள்.

எஸ்தர் இருந்திருந்தால் இதையும் வெறும் காகிதம் என்றுதான் சொல்லியிருப்பாள். சரியாகத்தான் சொல்லியிருப்பாள். நாளைக் காலை, உறையில் என் ஊர் முத்திரை விழாதபடி ஜோலார்பேட்டை வரை போய், கையெழுத்துப் போடாமலேயே இதைத் தபாலில் சேர்க்கிறேன்.