யோசப்பின் எழுதிய பெட்டிசம்

கொழும்புத்துறைக் கடற்கரையில் நண்டு வாங்கி விற்ற யோசப்பின் என்ற பெண்ணை நான் எட்டு ஆண்டுகள் அறிந்திருந்தேன். அந்த எட்டு ஆண்டுகளிலும் அவரை ஒரேயோர் இடத்தில்தான் கண்டேன். மாவட்ட நீதிமன்றத்தில். நான் அங்கே பதிவாளர். அவர் ஒரு வழக்கின் வழக்காளி. வழக்கு ஓர் ஒழுங்கையை, ஒரு குறுகிய பாதையைப் பற்றியது.

ஒழுங்கை கிடந்த விதத்தை முதலிற் சொல்லிவிட வேண்டும். யோசப்பினின் வீட்டுக்கு முன்னால் தெரு. பின்னால், அவருடைய கணவரின் தமையன் மகனான லெனாட்டின் காணி. அதற்கு அப்பால் கடல். லெனாட்டின் காணியின் மேற்கு ஓரமாக, ஆறடி அகலமும் நூற்றெண்பது அடி நீளமும் கொண்ட ஒழுங்கையொன்று கரைக்குச் சென்றது. காலை ஆறு மணிக்கு வள்ளங்கள் வரும். யோசப்பின் நண்டை வாங்கிப் பெட்டிகளில் அடுக்கி, தள்ளுவண்டியில் அந்த ஒழுங்கை வழியே வீட்டுக்குக் கொண்டுவந்து, ஐஸ் போட்டு, எட்டு மணிக்குத் தெருவில் வந்து நிற்கும் கொம்பனி லொறியில் ஏற்றுவார். கணவர் இறந்த பின்பு இதுவே அவருடைய சீவனம். 2015ஆம் ஆண்டில் லெனாட் ஒழுங்கைக்குக் குறுக்கே மதில் கட்டினார். அன்று முதல் யோசப்பின் தள்ளுவண்டியோடு கோயில் வீதியாற் சுற்றி, அரை மைல் நடக்க வேண்டியதாயிற்று. மணலில் வண்டி புதையும் இடங்களில் பெட்டியை இறக்கித் தலையிற் சுமந்தார். அப்போது அவருக்கு ஐம்பது வயது.

அந்த ஒழுங்கை உரிமையா, உறவுக்காக விட்ட சலுகையா என்பதே கேள்வி. கேட்பதற்கு இவ்வளவுதான். விடை காண எட்டு ஆண்டுகளும் போதவில்லை.

முதலாவது நீதிபதியின் காலம் அழைப்பாணையிலும் மறுமொழியிலும் கழிந்தது. இரண்டாமவர் காலத்தில் நில அளவையாளரின் படம் வந்தது. அதற்கு ஆட்சேபம் வந்தது. பிறகு பெருந்தொற்று வந்தது. சாட்சியத்தைக் கேட்டவர் மூன்றாமவர். யோசப்பினின் பக்கத்தில் கனதியான சாட்சி ஒருவரே: செபநாயகம், எண்பத்து மூன்று வயதுக் கடற்றொழிலாளி. தன் கலியாணத்துக்கு முன்பிருந்தே அந்த ஒழுங்கையால் வலை சுமந்ததாக அவர் சொன்னார். எதிராளியின் சட்டத்தரணி எழுந்து, "ஆரிட்டைக் கேட்டு உதாலை நடந்தனீங்கள்?" என்றார்.

"கடலுக்குப் போக ஆரையேன் கேக்கிறதோ தம்பி?" என்றார் செபநாயகம்.

மன்று சிரித்தது. நீதிபதி சிரிக்காமல் அதை எழுதிக்கொண்டார். நீண்டகாலம் அனுமதி கேளாமல் நடந்தால் வழி உரிமையாகும்; அப்படி நடந்தமைக்கு அதைவிடத் தெளிவான சாட்சியம் கிடைப்பது அரிது. பின்னர் ஒரு சனிக்கிழமை அவர் இடத்தையும் நேரிற் பார்வையிட்டார். சப்பாத்தைக் கழற்றிக் கையிற் பிடித்தபடி கரையிலிருந்து மதில் வரையும் நடந்தார். வாதங்கள் முடிந்தன. 2024 சனவரி 22ஆம் திகதி தீர்ப்பு என்று தவணை குறிக்கப்பட்டது.

டிசம்பர் நடுப்பகுதியில் வருடாந்த இடமாற்றப் பட்டியல் வந்தது. அதில் இந்த மூன்றாவது நீதிபதியின் பெயர் இருந்தது. சனவரி முதலாம் திகதியிலிருந்து அவருக்குத் தூர மாவட்டமொன்று.

இரண்டு நாளில் யோசப்பின் பதிவறைக்கு வந்துவிட்டார்.

"ஐயா, எங்கடை ஜட்ஜை மாத்திப் போட்டினமாம். மெய்யே?"

"ஓம்."

"ஆர் மாத்தினது? மந்திரியோ?"

"மந்திரியாலை ஏலாது. எம்.பி.யாலையும் ஏலாது. கொழும்பிலை நீதிச்சேவை ஆணைக்குழு எண்டு இருக்கு. பிரதம நீதியரசரும் உயர் நீதிமன்ற நீதியரசர்கள் ரண்டு பேரும். மாவட்ட நீதிபதியை நியமிக்கிறதும் மாத்திறதும் அந்த மூண்டு பேர்தான்."

"அவையளை ஆர் வைக்கிறது?"

"சனாதிபதி. அதுக்கும் அரசியலமைப்புப் பேரவை சம்மதிக்க வேணும்."

"உவர் என்ன பிழை செய்தவர், மாத்திறதுக்கு?"

"பிழை ஒண்டுமில்லை அம்மா. மூண்டு நாலு வருசத்துக்கு ஒருக்கால் எல்லாரையும் மாத்திறது. ஓரிடத்திலை கனகாலம் இருந்தால் ஊராக்களோடை பழக்கம் வந்திடும். பழக்கம் வந்தால் நீதி சாயும் எண்டொரு பயம்."

"அப்ப, பங்குச் சாமிமாரை ஆயர் ஆண்டகை மாத்திறமாதிரி."

"கிட்டத்தட்ட அப்பிடித்தான்" என்றேன். மதியம் பன்னிரண்டரை. மேசையில் நாற்பது வழக்கேடுகள் கிடந்தன.

அந்தச் சொல்லை நான் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லியிருக்க வேண்டிய வேறொன்றைச் சொல்லவுமில்லை. விசாரணை முழுவதும் முடிந்து தீர்ப்பு மட்டும் எஞ்சியிருக்கும் வழக்குகளில், இடமாறிய நீதிபதியையே அந்த ஒரு தீர்ப்புக்காக மீண்டும் நியமிக்கும் வழமை ஆணைக்குழுவிடம் உண்டு. அவர் ஒரு நாள் வந்து வாசித்துவிட்டுப் போவார். இந்த வழக்குக்கும் அவ்வாறு நியமனம் கேட்டு நாங்கள் எழுதியிருந்தோம். ஆனால் பதில் வரவில்லை. வழக்கேட்டில் இல்லாததை வழக்காளிக்கு வாயாற் சொல்லக் கூடாது என்பது பதிவறையின் ஒழுங்கு. முப்பத்தொரு ஆண்டுகள் அந்த விதியை மீறாதவன் நான். "தவணைக்கு வாருங்கோ" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

யோசப்பினின் கோயிற் பங்கில் நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் பங்குத்தந்தையை மன்னார்ப் பக்கம் மாற்றியிருந்தார்கள். ஊரார் இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து வைத்து ஆண்டகைக்கு ஒரு பெட்டிசம் எழுதி, மாற்ற வேண்டாமென்று கேட்டார்கள். மாற்றம் தள்ளிப்போய், பாதர் இன்னும் ஓராண்டு ஊரிலேயே இருந்தார். எனவே யோசப்பினுக்கு வழி தெரிந்திருந்தது. நத்தார்ப் பண்டிகை முடிந்த மறுநாள் ஒற்றைக் கோடிட்ட தாளில் எழுதத் தொடங்கினார். பக்கத்து வீட்டு லூர்த்தம்மாவிடம் முதலிற் போனார்.

"ஆரைப் பற்றின பெட்டிசமடி? பாதரையோ மாத்திறாங்கள்?"

"பாதரில்லையக்கா, ஜட்ஜ்."

"ஜட்ஜ் என்ன செய்தவர்?"

"வந்து பாத்தவர்."

"வந்து பாத்த மனிசனெண்டால் கொண்டா, வைக்கிறன்."

நூற்று நாற்பத்து மூன்று பேர் கையெழுத்திட்டார்கள். எண்பத்தேழாவது கையெழுத்து லவீனாவினுடையது. லவீனா லெனாட்டின் மனைவி. மீன் சந்தையில் யோசப்பின் தாளை ஒளிக்கப் பார்த்தபோது அவளே கேட்டு வாங்கினாளாம்.

"உன்ரை மனிசன் அறிஞ்சால்?" என்று யோசப்பின் கேட்டிருக்கிறார்.

"வழக்கு முடியட்டும் மாமி. ஆர் வெண்டாலென்ன, முடியட்டும். வீட்டிலை சோத்துக் கோப்பைக்கு முன்னாலையும் வழக்குக் கதைதான்."

பெட்டிசத்தின் வாசகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "இந்த நீதிபதி எங்கள் ஒழுங்கையில் வெறுங்காலுடன் நடந்தவர். செபநாயகம் சொன்னதை எழுதியவர். எங்களுக்கு வேறொருவர் வேண்டாம். தயவுசெய்து இவரையே இங்கு விடும்படி கெஞ்சிக் கேட்கிறோம்." ஆண்டகைக்கு எழுதியபோது குருமுதல்வருக்கும் பங்குத்தந்தைக்கும் பிரதி போனது. அதே முறைப்படி யோசப்பின் ஆணைக்குழுவுக்கு மூலத்தையும், நீதிபதிக்கு ஒரு பிரதியையும், பதிவாளருக்கு ஒரு பிரதியையும் பதிவுத் தபாலில் அனுப்பினார். தம் சட்டத்தரணி சிவதர்ஷனிடம் ஒரு சொல்லும் கேட்கவில்லை. பாதருக்கு எழுதும்போது யார் சட்டத்தரணியைக் கேட்டார்கள்?

சனவரி 8ஆம் திகதி ஆணைக்குழுவின் நியமனக் கடிதம் வந்தது. அந்த வழக்கின் தீர்ப்பை அதே நீதிபதி வந்து வழங்கலாம். 10ஆம் திகதி யோசப்பினின் பிரதி வந்தது.

அதனை உறையிலிருந்து எடுத்து இரண்டு தரம் வாசித்தேன். வந்த கடிதத்தை வழக்கேட்டில் இடாமல் விடும் அதிகாரம் பதிவாளருக்கு இல்லை. திகதி முத்திரை குத்தி, இலக்கமிட்டு, உரிய இடத்திற் கோத்தேன்.

22ஆம் திகதி நீதிபதி அதிகாலையிற் புறப்பட்டு ஆறு மணித்தியாலம் பயணம் செய்து வந்தார். ஆசனத்தில் அமர்ந்ததும் கபிலநிற உறையொன்றை மேசையில் வைத்தார். அதற்குள் தீர்ப்பு இருந்தது. யோசப்பின் முன்வாங்கில் இருந்தார். நீதிபதியைக் கண்டதும் தம் பெட்டிசம் பலித்துவிட்டதென்றே நினைத்தார். முகம் அப்படி மலர்ந்திருந்தது. அந்த முகத்தைப் பார்க்காமல் நான் வழக்கின் இலக்கத்தைக் கூப்பிட்டேன்.

நீதிபதி பேசியதைச் சுருக்கெழுத்தாளர் பதிவு செய்தார். "இவ்வழக்கின் தரப்பினர் ஒருவர், என்னை இங்கே வைத்திருக்குமாறு கேட்டு ஆணைக்குழுவுக்கு எழுதியிருக்கிறார். அறியாமல் எழுதியது. அதற்காக அவர்மீது எந்த நடவடிக்கையும் வேண்டாம் என்பது என் கருத்து. ஆனால் இனி நான் அவருக்குச் சார்பாகத் தீர்த்தாலும், எதிராகத் தீர்த்தாலும், நடுநிலையாகத் தீர்த்தேன் என்று ஒருவரும் நம்பமாட்டார். இந்தத் தீர்ப்பை நான் வாசிக்க இயலாது. வழக்கேடு எனக்குப் பின்வந்த நீதிபதியிடம் செல்லட்டும்."

உறையை எடுத்துத் தம் பையில் வைத்தார். எழுந்தார். நாங்களும் எழுந்தோம்.

வெளி விறாந்தையில் சிவதர்ஷன் தணிந்த குரலிற் கடிந்துகொண்டிருந்தார். "ஆணைக்குழுவின்ரை முடிவிலை தலையிடுறது குற்றம் அம்மா. அரசியலமைப்பிலையே எழுதிக் கிடக்கு. ஒரு வருசம் மறியற்சாலைக்குப் போக வேண்டி வரலாம். ஒரு வார்த்தை என்னட்டைக் கேட்டிருக்கலாமே!"

"நான் நல்லாத்தானே தம்பி எழுதினனான். அவரைப் பற்றிக் கூடாமல் ஒண்டும் எழுதேல்லை."

"அதுதான் அம்மா பிழை."

லெனாட் அவர்களைக் கடந்து போனவர் திரும்பி வந்தார். வென்றவருடைய முகமாக அது இல்லை. "சின்னம்மா, என்ரை மனிசியும் உந்தப் பேப்பரிலை கையெழுத்து வைச்சிருக்கிறாவாம். என்ரை லோயர் காட்டினவர்."

"அவளை ஒண்டும் ஏசிப் பேசாதை."

"பேசி என்ன செய்யிறது? நாளைக்குச் சோறு வேணுமெல்லோ" என்றார் லெனாட். யோசப்பின் சிரித்துவிட்டார். லெனாட்டுக்கும் சிரிப்பு வந்தது. பிறகு இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

புதிய நீதிபதி ஒரு பெண்மணி. நாற்பது வயதுக்கு உட்பட்டவர். முந்தியவர் பதிந்த சாட்சியத்தை ஏற்று அதன்மேல் தீர்ப்பு எழுதச் சட்டம் இடமளிக்கிறது. விரும்பினால் சாட்சிகளை மீண்டும் அழைக்கவும் இடமளிக்கிறது. சாட்சி பேசிய விதத்தை நேரிற் காணாத நீதிபதி அதனை எடைபோட முடியாதென்று எதிராளித் தரப்பு வாதிட்டது. மார்ச்சு மாதம் செபநாயகம் இறந்தார். இனி அவரை அழைக்க இயலாது. தாளில் உள்ளதுதான் மிச்சம். அதை ஏற்பார்கள் என்று சிவதர்ஷன் நம்பினார். ஏற்றாலும், தோற்றவர் மேல் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்வார். அங்கிருந்து அனுமதி பெற்று, நாட்டின் உச்சியிலுள்ள உயர் நீதிமன்றம் வரையும் போகலாம். ஒவ்வொரு படியிலும் எத்தனை நீதிபதிகள் இருப்பர், அவர்களை யார் நியமிப்பர் என்று யோசப்பின் என்னிடம் ஒவ்வொன்றாகக் கேட்டறிந்தார். நானும் ஒன்றும் விடாமற் சொன்னேன். கேட்டு முடித்து, "எனக்கு இப்ப ஐம்பத்தொன்பது" என்றார். 

யூன் மாதம் லெனாட் சமாதானத்துக்கு வந்தார். மதிலில் மூன்றடி திறந்து விடுவது, நடந்து போகும் உரிமை மட்டும், அத்தோடு வழக்கை முடித்துக்கொள்வது. யோசப்பினின் தள்ளுவண்டியின் அகலம் மூன்றேமுக்கால் அடி.

இணக்கத்தைப் பதியுமுன் நீதிபதி கேட்டார்: "அம்மா, இது உங்கள் சொந்த விருப்பமா?"

"விருப்பமெண்டு சொல்லேலாது மிஸ். ஆனால் சம்மதம்."

நீதிபதி பேனையை வைத்துவிட்டார். இதைப் பதிய முடியாது என்றார். சாட்சியத்தை ஏற்பது பற்றிய கட்டளையைத் தாம் செப்டெம்பருக்குள் தருவதாகவும், அவசரம் வேண்டாமென்றும், இரண்டு வாரம் யோசித்துவிட்டு வரும்படியும் சொன்னார். அத்தனை நிதானமாக ஒரு நீதிபதி வழக்காளியிடம் பேசக் கண்டது எனக்குக் குறைவு.

இரண்டு வாரம் கழித்து யோசப்பின் வந்தார். வண்டி தள்ளி நொந்த வலது தோளில் மருந்துச் சீலை ஒட்டியிருந்தது. அதே கேள்வி கேட்கப்பட்டது.

"ஓம் மிஸ். என்ரை விருப்பம்தான்."

நீதிபதி பேனையை எடுத்தார். இணக்கத்தைப் பதிந்தார். இருவரும் ஒப்பமிட்டார்கள். 2016ஆம் ஆண்டில் திறந்த வழக்கேட்டின் கடைசித் தாளில் நான் முத்திரை வைத்தேன்.

சான்றுப்படுத்திய பிரதிக்கு அவர் வந்தபோது மற்றதைச் சொன்னார். மதிலை உடைக்க மேசன் விடியுமுன்னரே வந்த அன்று லெனாட் தாமே நாடா பிடித்து அளந்தாராம். "மூண்டடி, சின்னம்மா. ஒரு விரல்கூடக் குறையேல்லை" என்றாராம். கல்லும் தூசும் அள்ளி முடியக் காலை ஏழு மணி. கரையில் நான்கு பெட்டி நண்டு இருந்தது. வண்டியைக் கரையிலேயே விட்டுவிட்டு, யோசப்பின் முதற் பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு அந்தத் திறப்பால் நடந்தார். பெட்டியை வீட்டில் வைத்துவிட்டு மற்றப் பெட்டிக்குத் திரும்பிப் போனார். நான்கு பெட்டிக்கு நான்கு நடை.