சேலையின் மேல் விரித்த துண்டு

கூலி கொடுப்பவரின் கட்சியைத் திட்டினால் வேலை போவது நியாயம்தான் என்று நினைத்திருந்தவன் நான். ஆரணியில் ஒரு பட்டுத்தறிக் கூடத்தில் நானும் குமாரும் அடுத்தடுத்த தறியில் நெய்தோம். முதலாளியின் கட்சிதான் என் கட்சியும். குமார் எதிர்க்கட்சி.

தேர்தல் நேரத்தில் எங்கள் கட்சியைக் கிண்டல் செய்து அவன் வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்தான். மறுநாள் காலை முதலாளி கூடத்துக்குள் பாய்ந்து வந்தார்.

"என் தறியில உக்காந்துகினு என் கட்சியவே திட்றியாடா?"

கையிலிருந்த இரும்புக் கம்பி குமாரின் தோளில் இறங்கியது. அடுத்த அடியில் நெற்றி கிழிந்து ரத்தம் கொட்டியது. குமார் தலையை மறைக்கவில்லை. துண்டை எடுத்து, தறியில் பாதி நெய்திருந்த சேலையின் மேல் விரித்தான்.

"வெளிய வந்துடறேன், அங்க அடிங்க மொதலாளி. சேலயில ரத்தம் பட்டா போவாது."

அந்தச் சேலை முதலாளியுடையது. அவரோ மறுபடி கம்பியை ஓங்கினார்.

யாரிடமும் முகம் பார்த்துப் பேசக் கூசும் நான், ஓடிப்போய் அந்தக் கம்பியைப் பிடித்தேன். அது என் விரல்களை நசுக்கியது.

"நானும் உங்க கட்சிதாங்க. ஆனா இவன் நெசவுல என்னங்க குத்தம்?"

"இவனுக்கு வக்காலத்தா? ரெண்டு பேரும் ஜல்தியா எடத்த காலி பண்ணுங்க!"

விரல்கள் ஆறியதும் இருவரும் வேறொரு கூடத்தில் வேலை கேட்டோம். அந்த முதலாளி எடுத்தவுடன், "நீங்க எந்தக் கட்சி?" என்றார். குமார் தலை குனிந்தான்.

"மொதல்ல எங்க நெசவ பாருங்கண்ணா" என்றேன். அவர் முகத்தைப் பார்க்கக் கூசியது. ஆனாலும் சொல்லிவிட்டேன்.